நான்காம் லெவலின் சுவர்

ஆகஸ்ட் 3, வியாழன்

டாக்டர் ஒரு நோட்டு வாங்கித் தினமும் எழுதச் சொன்னார். காலையில் மூச்சு எப்படி, எத்தனை முறை இருமல், நடந்தால் எங்கே நிற்கிறேன், இவ்வளவுதான். மனதில் இருப்பதையும் எழுதலாம், நெஞ்சு லேசாகும் என்றார். முப்பத்தோரு வருடம் சுரங்கத் தூசி குடித்த நெஞ்சு. எழுதிப் பார்க்கிறேன்.

மூச்சு: பரவாயில்லை. இருமல்: நான்கு முறை. கடைத்தெரு போகும் வழியில் தண்ணீர்த் தொட்டி அருகே ஒரு தடவை நின்றேன்.

இன்று பார்க்கர் ஷாப்டில், சுரங்கத்துக்குள் இறங்கும் பெரிய குழியில், பம்ப் இறக்கினார்கள். எங்கள் எல்லக்கரடுத் தங்கச் சுரங்கத்தை மூடி இருபத்து மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து குழி நிறையத் தண்ணீர். இப்போது அதை மரபுச் சின்னமாக்குகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து இரும்புக் கோபுரத்துக்குச் சாயம் அடித்து, ஆள் இறக்கும் கூண்டைப் புதுப்பித்து, சுற்றுலா வருகிறவர்களை மூன்றாவது லெவல், அதாவது மேலிருந்து மூன்றாவது குறுக்குப் பாதை, வரை இறக்கிக் காட்டப் போகிறார்களாம். ஓசூரிலிருந்து வந்திருக்கும் யமுனா என்ற பெண்தான் இன்ஜினியர். எது எங்கே இருந்தது என்று சொல்ல என்னை வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்களில் நடமாடுகிறவன் நான் ஒருவன்தான்.

மூன்றாவது லெவல் வரைதான் என்றதால் ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, சனி

மூச்சு: நல்லது. ரேஷனில் கோதுமை மட்டும். அரிசி செவ்வாய்க்கிழமை வருமாம்.

தண்ணீர் பதினெட்டு அடி இறங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 9, புதன்

யமுனா மேடம் ஒரு பலகைக்கு வாசகம் எழுதி வந்து படித்துக் காட்டினார். இங்கே எழுதி வைக்கிறேன்.

"1984 ஜூலை 10 அன்று நான்காவது லெவலில் தீப்பிடித்தது. ஏழு பேர் உள்ளே சிக்கினர். மீட்புப் படையைச் சேர்ந்த மாசிலாமணி புகைக்குள் நானூறு அடி தனியாகச் சென்று, பாதையின் கடைசி வரை தேடி, எவரும் உயிரோடு இல்லை என்று உறுதி செய்தார். அதன் பிறகே லெவல் சுவர் எழுப்பி அடைக்கப்பட்டது. கீழ் லெவல்களில் இருந்த 210 பேர் உயிர் பிழைத்தனர்."

பக்கத்தில் கம்பெனி எனக்குக் கொடுத்த பதக்கத்தின் படத்தைப் போடப் போகிறார்களாம். சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்றேன். என்னோடு வந்த தங்கராஜுவின் முகமூடி கசிந்ததால்தான் அவன் வாசலிலேயே திரும்பினான் என்பதையும் சேர்க்கச் சொன்னேன். அவனும் செத்து இருபத்து நான்கு வருடமாகிறது. பெயராவது இருக்கட்டும்.

இருநூற்றுப் பத்துப் பேர். சின்ன எண்ணிக்கை இல்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

இருமல்: ஏழு முறை. மழைக் காற்று.

திரேசம்மாள் வந்திருந்தாள். அந்த ஏழு பேரில் ஒருவனான பாக்கியநாதனின் மனைவி. ஏழு உடல்களும் இன்னும் சுவருக்கு உள்ளேதான். அவன் சாகும்போது இவளுக்கு இருபத்தைந்து வயது, கையில் ஐந்து மாதப் பெண் குழந்தை. சுரங்க ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து அந்தப் பெண்ணை ஆசிரியை ஆக்கிவிட்டாள். பம்ப் ஓட ஆரம்பித்ததிலிருந்து தினமும் சாயங்காலம் ஷாப்ட் கேட்டில் வந்து நின்று, தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

இன்று மறுபடி அந்த நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். எத்தனையோ முறை சொன்னதுதான். சொன்னேன்.

எவ்வளவு தூரம் போனேன் என்று கேட்டாள். முந்நூறு அடி இருக்கும் என்றேன்.

"எப்பவும் நானூறுன்னு சொல்லுவீங்க, அண்ணா."

புகையில் அளவு யாருக்குத் தெரியும் என்றேன். ஆமாம் என்று தலையாட்டினாள். போகும்போது, "நீங்க போய்ப் பாத்துட்டு வந்தீங்கன்றதால தான் எனக்கு இத்தினி வருஷம் தூக்கம் வந்துச்சு" என்றாள்.

கொண்டு வந்த முருங்கைக்கீரையை வைத்துவிட்டுப் போனாள். சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

தண்ணீர் மூன்றாவது லெவலுக்கு மேலே இருபது அடியில் நிற்கிறது.

ஆகஸ்ட் 21, திங்கள்

கூண்டு இறங்குகிற இடத்துக்கு நூறு அடி கீழேயாவது தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பாதுகாப்பு விதியாம். அப்படியானால் நான்காவது லெவலும் வெளியே வந்துவிடும். இதை யாரும் முதலில் என்னிடம் சொல்லவில்லை.

யமுனா மேடம் பழைய வரைபடம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். நான்காவது லெவலில் நூற்றைம்பதாவது அடியில் பாதை வளைகிறது. வளைவைத் தாண்டி ஒரு பம்ப் அறை. வரைபடம் மங்கலாக இருந்ததால் அந்த அறை இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டார். அந்த லெவலில் நான் வேலை செய்ததில்லை, அது மாதிரி அறை எதையும் பார்த்த ஞாபகம் இல்லை என்றேன்.

"அன்னைக்கு அந்த வழியாத்தானே ஐயா கடைசி வரைக்கும் போனீங்க?"

புகை என்றேன். சுவரைத் தடவிக்கொண்டு போனேன் என்றேன். எந்தப் பக்கச் சுவர் என்று அவர் கேட்கவில்லை. பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.

மூச்சு: மோசம். மாத்திரை இரண்டு.

ஆகஸ்ட் 24, வியாழன்

இன்று யமுனா மேடத்திடம் பேசினேன். மூன்றாவது லெவலுக்குக் கீழே ஷாப்டின் செங்கல் கட்டு பழையது. இவ்வளவு வருடம் தண்ணீர்தான் அதை அழுத்திப் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீரை எடுத்தால் கட்டு பிதுங்கும், மேலே கோபுரம் உட்காரும், ஆட்கள் சாவார்கள் என்றேன். சுரங்கத்தில் இப்படி நடப்பது உண்டு. இல்லாததைச் சொல்லவில்லை.

அவர் முகம் வெளுத்துவிட்டது. பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஆட்களின் பாதுகாப்பு எனக்கு முக்கியம்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். இருமல் ஒரே முறை. முருங்கைக்கீரை வாடிப்போயிருந்தது, எறிந்தேன்.

ஆகஸ்ட் 30, புதன்

பம்ப் ஏன் நின்றது என்று திரேசம்மாள் கேட்டிருக்கிறாள். யமுனா மேடம் காரணத்தைச் சொல்லியிருக்கிறார், என் பெயரைச் சொல்லாமல். அன்றிலிருந்து அவள் காலையிலேயே வந்து கேட்டுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறாள். கோஷம் இல்லை, அட்டை இல்லை. ஒரு தூக்குச் சட்டியும் ஜெபமாலையும்தான். மற்ற ஆறு வீடுகளிலிருந்தும் இரண்டு மூன்று பேர் வந்து உட்காருகிறார்கள்.

நான் பின்பக்க வழியாகப் போய் வருகிறேன். அந்த வழியில் ஏற்றம் குறைவு, நெஞ்சுக்கு நல்லது.

செப்டம்பர் 5, செவ்வாய்

பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கயிற்றில் கேமராவைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். திரையில் பார்த்தோம். செங்கல் கட்டு நேற்றுக் கட்டியது போல இருந்தது. பச்சையாகப் பாசி, அவ்வளவுதான். மெதுவாக இறைத்தால் ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கேமரா இன்னும் கீழே போனது. நான்காவது லெவலின் வாய் தெரிந்தது. அதற்குள்ளே பத்தடியில் சுவர். நான் கட்டிய சுவர். திரையில் அது வெள்ளையாக, சுத்தமாக, பூச்சு உதிராமல் இருந்தது. நல்ல வேலை என்று நிபுணர் ஆங்கிலத்தில் சொன்னார்.

யமுனா மேடம் என் தோளைத் தொட்டு, பயந்துவிட்டீர்கள் போலிருக்கிறது, பரவாயில்லை என்றார். இந்தப் பெண்ணுக்கு என்மேல் இன்னும் சந்தேகமே வரவில்லை.

செப்டம்பர் 9, சனி

பெங்களூரில் நர்ஸாக இருக்கும் மகள் செலின் போன் செய்தாள். மூச்சு இப்படி இருக்கும்போது அங்கே தனியாக ஏன், வந்துவிடுங்கள் என்றாள். வருகிறேன் என்றேன். பெட்டியில் நான்கு சட்டை, வேட்டி, மாத்திரை எல்லாம் வைத்தாகிவிட்டது. கேஸ் சிலிண்டரைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம். திங்கட்கிழமை ரயில்.

தண்ணீர் தினமும் ஆறு அடி இறங்குகிறது.

செப்டம்பர் 10, ஞாயிறு

கோவிலில் பூசை முடிந்ததும் திரேசம்மாள் நேராக வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் இறங்கியதும் நான்காவது லெவலின் சுவரை உடைத்து ஏழு பேரையும் எடுக்கப் போகிறார்களாம், உள்ளே போகும் ஆட்களில் நானும் இருக்க வேண்டும் என்று கேட்டாள். யமுனா மேடத்திடம் பேசிவிட்டாளாம்.

எனக்கு நெஞ்சு சரியில்லை என்றேன்.

"தெரியும் அண்ணா. ஆனா இவங்கெல்லாம் வெளியூர் ஆளுங்க. எலும்பு கெடச்சா அவங்களுக்கு எலும்புதான். நீங்க அவர தெரிஞ்சவங்க. அன்னிக்கே அவர தேடிப் போனவங்க. நீங்க கையால எடுத்தா எனக்குத் திருப்தி."

மேசைமேல் பெட்டி திறந்தே இருந்தது. அதைப் பார்த்தாள். சரி என்றேன்.

செப்டம்பர் 11, திங்கள்

ரயிலுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

நான்காவது லெவலின் தரை தெரிகிறது. ஷாப்டின் வாயில் நின்றால் ஒரு வாடை மேலே வருகிறது. நனைந்த மரம், துரு, இன்னும் ஏதோ. தொழிலாளர்கள் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். காற்றைச் சோதிக்கும் கருவி இரண்டு முறை கத்தியது. நாளைக்கு முழுக்கக் காற்று ஊதிவிட்டு, புதன்கிழமை இறங்குகிறோம்.

மூச்சு எழுதுவதில் அர்த்தம் இல்லை.

செப்டம்பர் 20, புதன்

காலை பத்தரைக்குக் கூண்டில் இறங்கினோம். யமுனா மேடம், சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர், நான்கு ஆட்கள், நான். எனக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொடுத்திருந்தார்கள். மேலே கேட்டில் திரேசம்மாள் நின்றிருந்தாள். கை அசைக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர் ஈரமாக மின்னியது. அதன் மேல்மூலையில் காற்றுக் குழாய் உள்ளே போகிறது. சுரங்கம் முழுவதற்கும் அழுத்தக் காற்று கொண்டுபோகும் நான்கு அங்குல இரும்புக் குழாய். அதைச் சுற்றிப் பூசியதில் என் கட்டைவிரல் தடம்கூட இருந்தது.

ஆட்கள் கடப்பாரையால் குத்தினார்கள். இரண்டு வரிசைச் செங்கல், நடுவே களிமண். அரை மணி நேரம் பிடித்தது. ஆள் நுழையும் அளவு துளை விழுந்ததும் அதிகாரி முதலில் தலையை விட்டு விளக்கை அடித்தார். அப்படியே நின்றார். பிறகு பின்னால் வந்து தொப்பியைக் கழற்றினார்.

நான் நுழைந்தேன்.

மூன்று பேர் சுவரை ஒட்டியே இருந்தார்கள். தலைக்கவசம், பூட்ஸ், பெல்ட், அவற்றுக்குள் அவர்கள். மற்ற நான்கு பேர் வளைவுக்கு அப்பால் பம்ப் அறையில். அந்த அறை வலப்பக்கம் இருக்கிறது. கதவு இடுக்குகளில் சட்டையைக் கிழித்து அடைத்திருந்தார்கள். அறைக்குள் குழாயின் வால்வு முழுக்கத் திறந்திருந்தது. அந்தக் காற்றில்தான் இருந்திருக்கிறார்கள்.

சுவருக்குப் பக்கத்தில் குழாய்க்குக் கீழே ஒரு பெரிய ஸ்பேனர் கிடந்தது. அதற்கு நேர் மேலே குழாய் நசுங்கியிருந்தது. ஒரே இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, துரு ஏறியும் தெரியும்படி, அடிமேல் அடி.

யமுனா மேடம் அதைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"ஐயா, இவங்க சுவர் கட்டின பிறகும் உயிரோட இருந்திருக்காங்க."

ஆமாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த மரியாதை போய்விட்டதை நான் நேராகவே பார்த்தேன்.

ஸ்பேனர் பக்கத்தில் இருந்தவனின் பெல்ட்டில் ஆள் எண் பொறித்த பித்தளை வில்லை. துணியால் துடைத்தேன். 3117. பாக்கியநாதனின் எண். அவனை நான்தான் எடுத்தேன். கனமே இல்லை.

செப்டம்பர் 21, வியாழன்

டாக்டருக்கு இந்த நோட்டைக் காட்ட வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாற்பது அடி. நான் போனது நாற்பது அடி. முந்நூறும் இல்லை, நானூறும் இல்லை. முகமூடி சரியாகத்தான் இருந்தது, இரண்டு மணி நேரத்துக்குக் காற்று இருந்தது. விளக்கு வெளிச்சம் புகையில் முழங்கை நீளத்துக்கு மேல் போகவில்லை. மேலே மரச்சட்டம் வெடிக்கிற சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டேன். போய் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். மேனேஜர் கேட்டார். கடைசி வரை போனேன், யாரும் இல்லை என்றேன்.

புகை பரவாமல் இருக்கப் பலகையும் கித்தான் துணியும் வைத்து லெவலின் வாயை அடைத்தோம். அன்று சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பத்துப் பேரும் மேலே வந்துவிட்டார்கள். உள்ளே தீ காற்றில்லாமல் அணையட்டும் என்று செங்கல் சுவர் வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. மறுநாள் பதினொன்றாம் தேதி மத்தியானம், குழாயைச் சுற்றிப் பூசும்போது கையை அதன்மேல் வைத்தேன். அதிர்ந்தது. உள்ளிருந்து மூன்று தட்டல், கொஞ்சம் நிறுத்தி மூன்று தட்டல். வெளியே மின்விசிறி இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் தேதி காலையில் கடைசிச் செங்கல் வைக்கும்போதும் கை வைத்துப் பார்த்தேன். அப்போதும் இருந்தது. மெதுவாக.

காப்பாற்ற வேண்டிய இருநூற்றுப் பத்துப் பேரும் அப்போது அவரவர் வீட்டில் இருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் பத்தாம் தேதி நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

பூசி முடித்து, கரணையைக் கழுவிவிட்டு மேலே வந்தேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

திரேசம்மாள் வீட்டுக்குப் போனேன். போலீஸுக்கும் யமுனா மேடத்துக்கும் சொல்வதற்கு முன்னால் இவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து நேற்று எழுதியதை அப்படியே வாயால் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தை மடியில் வைத்தபடியே கேட்டாள்.

முடித்ததும் இன்னும் ஒரு கல்லை எடுத்து வாசலில் போட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கல்லறையில கல்லு வச்சிருக்கேன். உள்ள ஆளு இல்லன்னாலும் பேரு இருக்கட்டும்னு. பத்தாம் தேதின்னு வெட்டியிருக்கு. இப்ப இன்னா தேதி போடறது?"

தெரியவில்லை என்றேன்.

"கடைசியா நீங்க கை வச்சது எப்போ?"

"பன்னெண்டு. காலையில."

முறத்தில் இருந்த அரிசியைக் கையால் இந்தப் பக்கம் தள்ளினாள், அந்தப் பக்கம் தள்ளினாள்.

"அப்போ பன்னெண்டுன்னே போடறேன். அதுக்கும் மேல இருந்தாருன்னு என்னால நெனைக்க முடியாது."

எழுந்தேன். படி இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னாள், அண்ணா என்று கூப்பிடாமல்.

"அடக்கத்துக்கு நீங்க வராதீங்க."

செப்டம்பர் 23, சனி

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். யமுனா மேடத்திடமும் ஒரு நகல் கொடுத்தேன். படித்தார். "ஷாப்டோட செங்கல் கட்டு தாங்காதுன்னு சொன்னீங்களே, அதுவும் இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

செலினிடம் போனில் சொன்னேன். அழுதாள். பெங்களூருக்கு வரச் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, புதன்

இன்று அடக்கம். ஏழு பெட்டிகள் ஒன்றாகப் போயின. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டுச் சத்தம் எங்கள் தெருவைத் தாண்டும்போது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

மதியம் ரசம் வைத்தேன். சாப்பிட முடியவில்லை.

மணி நான்கு. வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். கல்லறையிலிருந்து நேராக வந்திருக்கிறார்கள், கால்களில் செம்மண். மற்ற ஆறு வீட்டாரும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கைக்குழந்தைகளுக்கெல்லாம் இப்போது நரை விழுந்திருக்கிறது. யாரும் சத்தம் போடவில்லை, கல் எறியவில்லை. அவர்களில் ஒரு பெண் கதவருகே வந்து, பன்னிரண்டாம் தேதி கேட்டது ஒரு ஆள் அடித்த மாதிரி இருந்ததா, பல பேர் அடித்த மாதிரி இருந்ததா, அதை மட்டும் சொன்னால் போதும் என்கிறாள்.

ஒரே ஆள் அடித்த மாதிரிதான் இருந்தது. ஸ்பேனர் பாக்கியநாதன் பக்கத்தில்தான் கிடந்தது; மற்ற ஆறு வீட்டுக்கும், அடித்தது உங்கள் ஆள் இல்லை என்று சொல்ல வேண்டும்.

கதவைத் திறக்கப் போகிறேன்.